பொற்கொல்லன் இல்லாத வழக்கு

1

கம்போங் ராஜாவில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஆயாக்கொட்டகை இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள் விடியற்காலைப் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். முன்னறையில் தொட்டில்கள். பின்னறையில் பால் காய்ச்சும் அடுப்பு. இரண்டுக்கும் நடுவே இடுப்புயரத் தடுப்பு. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல்.

1984-இல் அங்கே இரண்டு ஆயாக்கள். ஒருவர் என் அம்மா. இன்னொருவர் அம்மாவின் சிநேகிதி. நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே லயம், ஒரே குழாயடி, மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரே துணியில் எடுத்த இரண்டு ரவிக்கைகள். நிர்வாகம் போட்டிருந்த விதி ஒன்றே ஒன்று: கொட்டகையில் எந்த நேரமும் ஒரு ஆயாவாவது இருக்கவேண்டும். ஒருவர் வெளியே போகலாம், மற்றவர் உள்ளே இருந்தால்.

ஒருநாள் பத்து மணி வாக்கில் அம்மா தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். பெரியம்மா அடுப்படியில் நின்றிருந்தார். அம்மா முன்வாசல் வழியாக வெளியே போய்க் கொடியில் துணி காயப்போட்டார். அதே நேரத்தில் பெரியம்மா தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். அம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெரியம்மா பின்வாசல் வழியாகத் தண்ணீர் எடுக்கப் போனார். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. இரண்டு வயதுப் பையன் ஒருவன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பால் சட்டியை இழுத்துவிட்டான். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை வெந்துபோயிற்று. இன்று அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மூன்று விரல்கள் இப்போதும் முழுசாக நீளாது.

மறுநாள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை கேட்டதைக் கிராணி தமிழில் திருப்பிச் சொன்னார்: "ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றது?" அம்மா சொன்னார்: "நான் பாக்கயில அவ உள்ளதாங்க இருந்தா." பெரியம்மா சொன்னார்: "நான் பாக்கயில அவ உள்ளதாங்க இருந்தா." அட்சரம் பிசகாமல் ஒரே வாக்கியம். இருவருக்கும் ஒரு வாரக் கூலி பிடித்தார்கள். அது தீர்ந்துபோன விஷயம். தீராதது வேறு. மற்றவள்தான் பொய் சொல்கிறாள் என்று அம்மாவும் நம்பினார், பெரியம்மாவும் நம்பினார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அடுத்த வருஷம் பெரியம்மா குடும்பத்தோடு ஈப்போ பக்கம் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றியது. இரண்டுமே உண்மை. அப்படியானால் தவறு எங்கே இருந்தது?

2

நான் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போனேன். வேலையின் ஒரு பகுதி தரவுத்தளங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகின்றனவா என்று பார்ப்பது. வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து ஒரு பாடத்தில் இந்த உதாரணம் வந்தது: ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இரண்டு மருத்துவர்கள். குறைந்தது ஒருவராவது பணியில் இருக்கவேண்டும். இருவருக்கும் உடம்பு சரியில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கணினியில் பார்க்கிறார்கள். 'பணியில் இரண்டு பேர்' என்று காட்டுகிறது. இருவரும் தங்கள் பெயரை எடுத்துவிடுகிறார்கள். இப்போது பணியில் யாருமே இல்லை. தரவுத்தளத் துறையில் இது பழகித் தேய்ந்த உதாரணம். எனக்கு மட்டும் அதைப் படித்ததும் பால் தீய்ந்த வாசனை வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவுத்தளத்தில் சேர்ந்தே நடக்கவேண்டிய சில செயல்களின் கட்டுக்குப் பரிவர்த்தனை என்று பெயர். பார்ப்பது, முடிவெடுப்பது, மாற்றுவது, 'முடிந்தது' என்று கையெழுத்துப் போடுவது. ஆயிரம் பேரின் பரிவர்த்தனைகள் ஒரே நேரத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நடக்கும். அப்படி நடந்தாலும் ஒவ்வொருவருக்கும் 'நான் தனியாகத்தான் இருக்கிறேன்' என்ற நிலையை உண்டாக்கித் தருவதற்குத் தனிமை என்று பெயர். 1992-இல் வந்த எஸ்கியூஎல் தரநிர்ணயம் இந்தத் தனிமையை நான்கு படிகளாகப் பிரித்தது. உச்சிப் படியின் பெயர் சீரியலைசபிள். எத்தனை பேர் எப்படிக் குறுக்கும் நெடுக்குமாக வேலை செய்தாலும், ஒருவர் முடித்தபின் அடுத்தவர் என்று வரிசையில் வந்து செய்திருந்தால் என்ன முடிவு வருமோ அப்படிப்பட்ட ஒரு முடிவுதான் வரும் என்பது அதன் வாக்குறுதி.

அதற்குக் கீழே ஒரு வகைத் தனிமை உண்டு. பரிவர்த்தனை தொடங்கியதும் உலகத்தை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வேலை செய்வீர்கள். படத்தில் பொய் இல்லை, அழுக்கும் இல்லை. எடுத்த நொடியில் அது முழு உண்மை. இருவரும் ஒரே பொருளை மாற்றப் பார்த்தால் தரவுத்தளம் தடுத்துவிடும். ஆனால் இருவரும் வெவ்வேறு பொருளை மாற்றினால்? அம்மா மாற்றியது தன் இருப்பை. பெரியம்மா மாற்றியது தன் இருப்பை. மோதல் எதுவும் இல்லை. இரண்டு படங்களும் சரி, இரண்டு செயல்களும் சரி. இரண்டும் சேர்ந்தபோது கொட்டகை காலி. 1995-இல் ஜிம் கிரே உட்பட ஆறு பேர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை எஸ்கியூஎல் தரநிர்ணயத்தின் குறைகளை எடுத்துக்காட்டியபோது இந்தக் கோளாறையும் பெயரிட்டுச் சொன்னது.

3

போஸ்ட்கிரெஸ் என்பது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, யாரும் உள்ளே புகுந்து பார்க்கக்கூடிய திறந்த மூலத் தரவுத்தளம். அதன் மூல நிரல்களுக்குள் சோதனைகளுக்கென்று ஓர் அடைவு இருக்கிறது. அதற்குள் தனிமையைச் சோதிக்க மட்டுமே ஒரு சிறிய கருவி. நான் அதைக் கருவி என்பதைவிட ஒரு விசாரணை முறை என்றே சொல்வேன்.

சோதனை எழுதுகிறவர் ஆட்களைச் சொல்லவேண்டும். ஒவ்வோர் ஆளும் செய்கிற படிகளைச் சொல்லவேண்டும். பிறகு அந்தக் கருவி படிகளைக் கலைத்துக் கலைத்து ஓட்டிப் பார்க்கும். ஓர் ஆளின் படிகளுக்குள் முன்பின் மாறாது. ஆனால் ஒருவரின் படிகளுக்கு நடுவே மற்றவரின் படிகள் எங்கெல்லாம் புகமுடியுமோ அங்கெல்லாம் புகுத்திப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் உலகத்தை ஆதியில் இருந்தபடி திரும்ப அடுக்கி வைத்துவிட்டு அடுத்த வரிசையைத் தொடங்கும்.

ஓர் இரவு ஆயாக்கொட்டகையை எழுதினேன். இரண்டு ஆட்கள், ஆளுக்கு மூன்று படிகள்: பார், போ, முடி. இரண்டு மூன்றுகளை எத்தனை விதமாகக் கோக்கலாம்? 20 விதம். ஸ்னாப்ஷாட் தனிமையில் ஓட்டினேன். 20-இல் 18-இல் கொட்டகை காலியாயிற்று. ஒருவர் மூன்று படிகளையும் முடித்த பிறகே மற்றவர் பார்க்கத் தொடங்கிய இரண்டு வரிசைகள் மட்டும் தப்பின.

நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் அம்மா அந்த விபத்துக்கு முன் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார். ஒன்றும் நடந்ததில்லை. 'இத்தனை வருஷம் நடக்கலியே, அன்னிக்கு மட்டும் எப்படி?' என்பதுதான் ஆபீசில் அவர்களுக்கு எதிராக எழுந்த பெரிய கேள்வி. பதில் இப்போது தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்த விதி காப்பாற்றவில்லை. இருவரின் வேலை நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழாததுதான் காப்பாற்றியது. விழுந்த அன்று, விதி அங்கே இல்லவே இல்லை என்பது தெரிந்துவிட்டது.

ஒன்றும் நடக்காமல் போன நாட்களை நாம் நல்ல ஏற்பாட்டுக்குச் சாட்சியாகக் காட்டுகிறோம். பெரும்பாலும் அது அதிர்ஷ்டத்துக்குத்தான் சாட்சி. சோதனை என்ற வேலையின் ஒழுக்கம் இங்கேதான் இருக்கிறது. வழக்கமாக நடக்கிற வரிசைக்கும் கோடியில் ஒருமுறை நடக்கிற வரிசைக்கும் அது ஒரே மரியாதை கொடுக்கிறது.

4

நம்முடைய நீதிக் கதைகளில் குற்றத்துக்கு எப்போதும் ஒரு முகம் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தவறான தீர்ப்புச் சொன்னான். ஆனால் அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு பொற்கொல்லன் இருந்தான். அவன்தான் உண்மையான சிலம்பைத் திருடியவன், அவன்தான் பொய் சொன்னவன். கண்ணகி சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது, உண்மை வெளியே வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொய் இருக்கும் என்று அந்தக் கதை நம்மைப் பழக்கியிருக்கிறது.

துரையும் கிராணியும் அன்றைக்குத் தேடியது பொற்கொல்லனைத்தான். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் ஒருவர் பொய்யர் என்பது விசாரணையின் அரிச்சுவடி. ஆனால் இங்கே இரண்டு வாக்குமூலமும் ஒத்துத்தான் போயின. இரண்டு சிலம்பையும் உடைத்தாலும் முத்துத்தான் இருந்திருக்கும். பொற்கொல்லன் இல்லாத வழக்கு இது. அப்படி ஒரு வழக்கு இருக்கமுடியும் என்பதே அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததால் அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பொற்கொல்லியைச் செய்துகொண்டார்கள்.

அப்படியானால் யாருக்கும் பொறுப்பில்லையா? பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநரைக் கொண்டுவருகிறார். ஓட்டுநர்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை அவர் வண்டியில் அடிபட்டு இறந்துவிடுகிறது. வழியில் நின்று பார்த்தவனுக்கும் வருத்தம் இருக்கும். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு ரகம், அது வேறாகத்தான் இருக்கவேண்டும் என்கிறார் வில்லியம்ஸ். 'என் தப்பில்லை, நான் போய்வருகிறேன்' என்று உடனே கிளம்பிவிடுகிற ஓட்டுநரைப் பற்றி நமக்கு நல்ல எண்ணம் வராது. தேர்க்காலில் கன்று விழுந்த மனுநீதிச் சோழன் கதையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த அரசன் தண்டனையில் எல்லை மீறினான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் பசு அடித்த மணிக்குக் காது கொடுத்தான். குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே துயரத்துக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை உண்டு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே குற்றம், பொறுப்பு என்று இரண்டையும் நான் பிரித்துக்கொள்கிறேன். குற்றம் ஓர் ஆளின்மேல் இருக்கும். இரண்டு ஆட்களுக்கு நடுவில் கிடக்கிற தவறும் உண்டு. அதை எந்த ஒருவரின் சட்டைப்பையிலும் தேடி எடுக்கமுடியாது. அதற்குப் பொறுப்பேற்பது என்றால் 'நான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்வது அர்த்தமில்லை. 'இது மறுபடி நடக்காதபடி பார்ப்பதில் எனக்கும் பங்கு உண்டு' என்பதுதான் அர்த்தம்.

5

நடுவில் கிடக்கும் தவறை எப்படித் தடுப்பது? தோட்டம் ஒரு வழி கண்டுபிடித்தது. விபத்துக்கு அடுத்த மாதம் கொட்டகைத் தடுப்பில் ஒரு ஆணி அடித்து ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டார்கள். வெளியே போகிறவர் கட்டையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஆணியில் கட்டை இல்லாவிட்டால் காத்திருக்கவேண்டும். தரவுத்தள மொழியில் இது பூட்டு. நல்ல வழிதான். விலை, காத்திருப்பு.

இன்னொரு வழி இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கேஹில், உவே ரோம், ஆலன் ஃபெக்கெட்டே மூவரும் 2008-இல் அதை முன்வைத்தார்கள். கெவின் கிரிட்னர், டான் போர்ட்ஸ் இருவரும் அதைப் போஸ்ட்கிரெஸுக்குள் கொண்டுவந்தார்கள். 2011-இல் வந்த 9.1 பதிப்பில் அது சேர்ந்தது. கிரிட்னர் அப்போது விஸ்கான்சின் மாநில நீதிமன்றங்களுக்காக மென்பொருள் வேலை பார்த்தவர். நீதிமன்றக் கணக்கில் பொற்கொல்லன் இல்லாத தவறுகள் வரக்கூடாது என்று ஒருவர் கவலைப்பட்டதில் எனக்கு ஒரு தனி நிறைவு.

இந்த வழியில் யாரையும் காக்கவைப்பதில்லை. ஆனால் நீங்கள் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று தரவுத்தளம் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு யாரையும் தடுக்காது. பிற்பாடு, நீங்கள் பார்த்ததை மற்றவர் மாற்றிவிட்டார், அவர் பார்த்ததை நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்கிற மாதிரி ஒரு பின்னல் உருவாவது தெரிந்தால், ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பும். 40001 என்ற எண்ணோடு ஒரு பதில் வரும். நீங்கள் தப்புச் செய்தீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. மறுபடி முதலிலிருந்து வாருங்கள் என்று அர்த்தம். என் சோதனையை இந்தத் தனிமையில் ஓட்டியபோது 18 வரிசைகளிலும் ஓர் ஆயா திருப்பி அனுப்பப்பட்டார். 20-இல் ஒன்றில்கூடக் கொட்டகை காலியாகவில்லை.

இதில் நான் கவனித்தவை இரண்டு. முதலாவது, பார்ப்பதும் ஒரு செயல்தான். 'நான் சும்மா பார்த்தேன்' என்று நாம் சொல்வோம், எதையும் தொடவில்லை என்ற நிம்மதியோடு. போஸ்ட்கிரெஸ் சோதனைகளில் ரசீதுக் கணக்குப் பற்றி ஒன்று இருக்கிறது. தோட்டத்து வழக்கில் சொல்கிறேன். ஒரு பெண்ணின் மாலைக் கொழுந்து எடையை இன்றைய கணக்கில் ஒரு கிராணி எழுத ஆரம்பித்திருக்கிறார், முடிக்கவில்லை. இன்னொரு கிராணி இன்றைய கணக்கை மூடி நாளைய பக்கத்தைத் திறந்துவிடுகிறார். பிறகு முதல் கிராணி எழுதி முடிக்கிறார். 'முதலில் எழுதினார், பிறகு மூடினார்' என்று வரிசைப்படுத்திக்கொண்டால் கணக்கில் கோளாறு இல்லை. ஆனால் இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, கணக்கு மூடியிருப்பதைப் பார்த்து, மொத்த எடையை வாசித்துக்கொண்டு போய்விட்டார் என்றால்? அவர் வாசித்த மொத்தத்தில் அந்தப் பெண்ணின் எடை இல்லை. மூடிய கணக்குக்குள் பிற்பாடு எடை ஏறுகிறது. இப்போது எந்த வரிசையில் அடுக்கினாலும் மூன்றும் பொருந்தாது. எதையுமே மாற்றாத ஒருவர் பார்த்துவிட்டுப் போனதாலேயே அவர் கையில் ஒரு பொய்யான மொத்தம் இருக்கிறது. 2004-இல் ஃபெக்கெட்டேயும் வேறு இருவரும் இதை எழுதிக் காட்டும்வரை, வாசிப்பு மட்டுமே செய்கிற பரிவர்த்தனைக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருந்தார்கள்.

இரண்டாவது, திருப்பி அனுப்பப்படுகிறவர் சில சமயம் ஒரு பாவமும் அறியாதவர். பின்னல் முழுசாக விழுந்ததா என்று கடைசிவரை பார்த்து உறுதிசெய்ய நேரமாகும். ஆகவே ஆபத்தான முடிச்சு தெரிந்தவுடனேயே தரவுத்தளம் ஒருவரை நிறுத்திவிடும். விட்டிருந்தால் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். இது நியாயமா? வெகுநாள் இதை யோசித்தேன். நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. திருப்பி அனுப்புவதில் பழி இருக்கக்கூடாது. 'இன்னொருக்கா பாத்துட்டு வாங்க' என்று சொல்வது வேறு, 'யார் பொய் சொல்றது' என்று கேட்பது வேறு. முன்னதை ஒரு நாளைக்குப் பத்துமுறை தாங்கலாம். பின்னதை ஒரு தடவை கேட்டதற்கு இரண்டு பெண்கள் ஆயுள் முழுக்க விலை கொடுத்தார்கள்.

6

இந்த வாதத்தில் ஓர் ஆபத்து இருப்பது எனக்குத் தெரியும். 'நான் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது' என்பது உண்மையான நிரபராதியின் வாக்கியம். அதே சமயம் கைதேர்ந்த குற்றவாளியின் வாக்கியமும் அதுதான்.

கேமரன் மலையையே எடுத்துக்கொள்வோம். கம்போங் ராஜாவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரைகள். காய்கறி, பூ. ஒவ்வொருவரும் தன் சரிவை வெட்டியபோது சுற்றிலும் காடு இருந்தது. 'இவ்வளவு காடு இருக்கு, என் துண்டு போனா என்னா?' வெட்டிய மண் மழையோடு இறங்கி ரிங்லெட்டில் நீர்த்தேக்கத்தில் படிந்தது. 2013 அக்டோபர் 23 பின்னிரவில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமுமாகப் பாய்ந்தது. வீடுகள் போயின, உயிர்கள் போயின. அதற்கும் 'நடுவில் கிடந்த தவறு' என்று பெயர் வைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

முடியாது என்பேன். அளவுகோல் இதுதான்: முதல்முறை தெரியாமல் நடந்தது நடுவில் கிடந்த தவறு. நடக்கக்கூடும் என்று தெரிந்த பிறகு நடப்பது தெரிந்தவரின் தவறு. தெரிந்துகொள்ள வழி இருந்தும் சோதித்துப் பார்க்காதவர் இந்த இரண்டாம் வகைக்கு வெகு பக்கத்தில் நிற்கிறார். சரிவு வெட்டினால் மண் இறங்கும் என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. எங்கள் கொட்டகையில் இருவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தால் என்னவாகும் என்று யோசித்திருக்கவேண்டியவர்கள் ஆயாக்கள் அல்ல, 'எந்நேரமும் ஒருவராவது' என்று விதி எழுதியவர்கள். அந்த வாக்கியத்தை எழுதினார்கள். அதைக் காப்பாற்ற ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

வாக்குக் கொடுப்பது பற்றிப் போஸ்ட்கிரெஸிடமே ஒரு கதை இருக்கிறது. 1999 முதல் 2011 வரை அதனிடம் 'சீரியலைசபிள்' என்று கேட்டால் கிடைத்தது ஸ்னாப்ஷாட் தனிமைதான். பெயர் உச்சிப் படியுடையது, சரக்கு அதற்குக் கீழே. கையேட்டில் அந்த வித்தியாசத்தை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் பெயரை நம்புகிறவர்கள்தான் கையேட்டைப் படிக்கிறவர்களைவிட அதிகம். 2011-இல் பெயருக்கேற்ற சரக்கு வந்தது.

அதோடு முடியவில்லை. கைல் கிங்ஸ்பரி என்ற அமெரிக்கர் ஜெப்சென் என்ற பெயரில் தரவுத்தளங்களின் வாக்குறுதிகளைச் சோதிப்பதையே தொழிலாகச் செய்கிறார். 2020-இல் அவர் போஸ்ட்கிரெஸ் 12.3-ஐச் சோதித்தார். ஒரே ஒரு கணினி, மின்சாரம் போகவில்லை, வலையமைப்பு அறுந்துபோகவில்லை. அப்படியிருந்தும் சீரியலைசபிள் நிலையில் சில பரிவர்த்தனைகள் எந்த வரிசையிலும் பொருந்தாமல் போயின. பீட்டர் கெய்கன் காரணத்தைத் தேடிப் பிடித்தார். ஒருவர் புதிதாக எழுதிய வரியை இன்னொருவர் உடனே திருத்திவிட்டால், இரண்டையும் பார்க்கமுடியாத மூன்றாமவர் விஷயத்தில் தரவுத்தளம் முதல் ஆளை மறந்துவிட்டுத் திருத்தியவரை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறது. அந்தப் பிழை 2011-இல் வசதி சேர்ந்த நாளிலிருந்தே அங்கே இருந்தது. ஒன்பது வருஷம்.

அதை எழுதியவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. எனக்குத் தெரிந்த மிகக் கவனமான நிரலாளர் கூட்டங்களில் அது ஒன்று. அவர்கள் சோதனைகளும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு கோவைதான் சோதனையில் இல்லை. நான் கவனித்தது பிறகு நடந்ததை. யாரும் 'யார் இதை எழுதியது' என்று கூட்டம் போட்டதாக நான் பார்க்கவில்லை. திருத்தம் எழுதப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு, அதே கோவையை இனி ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கும் ஒரு புதிய சோதனையும் சேர்க்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 13 அன்று வந்த 12.4-இல் அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. வெளியீட்டுக் குறிப்பில், தோற்றிருக்கவேண்டிய பரிவர்த்தனை வென்றுவிடக்கூடும் என்று பிழையை உள்ளபடி எழுதினார்கள். பொறுப்பேற்பது என்று நான் மேலே சொன்னதற்கு எனக்குத் தெரிந்த நேர்த்தியான உதாரணம் இது. மன்னிப்பு ஒரு வரி, ஆணி ஒன்று, கட்டை ஒன்று.

7

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். மேசைமேல் கொண்டைக்கடலையும் பட்டாணியும் மும்மூன்று எடுத்து வைத்தேன். கடலை அம்மா, பட்டாணி பெரியம்மா. பார், போ, முடி. வரிசை மாற்றி மாற்றிக் காட்டினேன். அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பார்வை மங்கல். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாவதோ எட்டாவதோ வரிசையில் அவரே விரலால் ஒரு பட்டாணியை நகர்த்தி, "இப்படி வந்தாலும் காலிதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப அவ பொய் சொல்லல."

"ரெண்டு பேருமே சொல்லலம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வெளியே சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் காய்கறி லாரிகளின் சத்தம். பிறகு சொன்னார்: "ஒன் கணக்கு சரிதான்யா. ஆனா புள்ள கை வெந்துச்சுல்ல. போறேன்டின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா?"

வில்லியம்ஸின் லாரி ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். என் 20 வரிசைகளும் அம்மாவைக் குற்றத்திலிருந்து விடுவித்தன. வருத்தத்திலிருந்து விடுவிக்கவில்லை. விடுவிக்கவும் கூடாது என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் பூட்டும், குறிப்பும், ஆணியில் தொங்கிய கட்டையும். முப்பது வருஷக் கணினி ஆராய்ச்சி அந்த 'போறேன்டி'யைத்தான் யாரும் மறக்கமுடியாத இடத்தில் வைக்கப் பார்க்கிறது.

நான் கடலையையும் பட்டாணியையும் சேர்த்து அள்ளிக் கிண்ணத்தில் போட்டேன். அம்மா கேட்டார்: "இத அவகிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

பெரியம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

இப்போதெல்லாம் வேலையிடத்தில் ஏதாவது உடைந்துபோனால் கூட்டத்தில் முதலில் 'யார்?' என்று யாராவது கேட்பார்கள். நான் 'எந்த வரிசையில்?' என்று கேட்கிறேன். சில சமயம் வரிசையைத் தேடிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு பொற்கொல்லன் அகப்படுகிறான். அவனை விட்டுவிடச் சொல்லவில்லை. அவனைத் தேடத் தொடங்குவதற்கு முன்னால், அவன் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.